மூளை நலக் கல்வி: மேடையிலா, வாசற்படியிலா? குமரி மாவட்டத்துக்கு எந்த வழி பொருந்தும்

மறதிநோய் (டிமென்ஷியா) வராமல் காப்பதைப் பற்றி மக்களிடம் பேசுவதற்கு ஓர் ஊராட்சியோ, நூலக வாசகர் வட்டமோ, ஆலயக் கமிட்டியோ, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்போ ஓராண்டு உழைக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சிறு தொகையும் மாலை நேரத்தில் வரக்கூடிய சில தன்னார்வலர்களும்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர்கள் முன் இன்று இருக்கும் வழிகள் ஐந்து: மறதிநோயில் பரவலான வகையான அல்சைமருக்குரிய உலக நாளான செப்டம்பர் 21 அன்று பேரணியும் கருத்தரங்கும் நடத்துவது, பள்ளிகளில் பேசுவது, வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்புவது, முதியோரும் நடுவயதினரும் வாரந்தோறும் கூடும் குழுக்களை அமைப்பது, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்து, அந்த வேளையிலேயே பேசுவது. ஐந்தையும் சிறிது சிறிதாகச் செய்யலாம் என்பது கூட்டங்களில் எல்லோருக்கும் உவப்பான முடிவு. ஆனால் ஆள்பலம் குறைந்த அமைப்பு அப்படிச் செய்தால் ஐந்தும் அரைகுறையாகவே முடியும் என்பதால், ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், மக்களிடம் எதைச் சொல்லப் போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017இல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணிகள் 9 என்றது. 2020இல் அது 12 ஆயிற்று. 2024இல் 14 ஆயிற்று. குறைந்த பள்ளிக் கல்வி, காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், மிகையான குடி, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு ஆகியவை அவை. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது ஆணையத்தின் கணக்கு. இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. நடந்து, அளவாக உண்டு, மருந்து தவறாமல் எடுத்துக்கொண்ட ஒருவருக்கும் நோய் வரக்கூடும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், ஏற்கெனவே நோயாளியைப் பராமரித்துக் களைத்திருக்கும் குடும்பத்தின் மேல் ‘நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்ற பழியும் ஏறும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் வேலை பார்க்க, தேங்காயும் பலாவும் விழுந்து கிடக்கும் பெரிய வளவுக்குள் இரண்டு முதியவர்களோ ஒருவரோ மட்டும் வாழும் வீடுகள் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் எங்கும் காணக்கூடியவை. பாட்டா ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்கிறார் என்பதைக் கவனிக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. கவனிப்பவர்களும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பேரணியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு பயன் உண்டு: வெளியே சொல்லக் கூசுகிற ஒரு நோயின் பெயர் ஊர் நடுவே உரக்கச் சொல்லப்படுகிறது. நாகர்கோவிலில் வேப்பமூட்டிலிருந்து புறப்படும் ஒரு பேரணி மறுநாள் நாளிதழில் படமாக வரும். அதைப் பார்த்து ஒரு குடும்பம் மருத்துவரிடம் போனாலும் நன்மைதான். ஆனால் பேரணியில் நடப்பவர்கள் செவிலியர் கல்லூரி மாணவிகள். கருத்தரங்கில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறை கொண்டவர்கள். பேனர், ஒலிபெருக்கி, மதிய உணவு, பொன்னாடை என்று செலவு போனபின், 45 வயதில் பிரஷர் இருப்பதே தெரியாமல் கொத்தனார் வேலைக்குப் போகிற மனிதரிடம் போய்ச் சேர்ந்தது என்ன என்று கேட்டால் விடை இல்லை. காது கேளாமை மறதிநோய்க்கு ஒரு காரணி என்பதைக் குழாய் ஒலிபெருக்கி கட்டி அலறவிட்டுச் சொல்வதில் ஒரு முரணும் இருக்கிறது.

பள்ளிகள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இளமைக் கல்வி மூளைக்குப் பாதுகாப்பு என்பது உறுதியான செய்தி. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே எழுத்தறிவு 91.75 விழுக்காடாக இருந்து, தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி யாருக்கும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. கல்விக் குறைவு இங்கே ஒரு காரணியாக நிற்பது முந்திரி ஆலைகளிலும் கயிறு திரிக்கும் இடங்களிலும் சிறுவயதிலேயே வேலைக்குப் போன, இப்போது எழுபதைத் தாண்டிய பெண்களிடம்தான். அவர்களுக்காகப் பள்ளியில் பேசிப் பயனில்லை. மாணவர்களிடம் தலைக்கவசம் பற்றிப் பேசலாம், ஏனெனில் தலைக்காயமும் பட்டியலில் உள்ளது. மற்றபடி பள்ளிவழி முயற்சியின் பலன் வர நாற்பது ஆண்டுகள் ஆகும், அதை ஓராண்டுத் திட்டமாகத் தேர்வது பொருந்தாது.

கைப்பேசி வழி மலிவானது, துபாயில் இருக்கும் மகனையும் கருங்கல் ஊரில் இருக்கும் தாயையும் ஒரே நொடியில் எட்டுவது. இணையவழி முயற்சியால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 55 முதல் 77 வயதுக்குட்பட்ட 6,104 பேரிடம் மூன்றாண்டு நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, மனநலம் ஆகியவற்றை ஒவ்வொருவருடைய தேவைக்கும் ஏற்பத் தொகுத்து இணையம் வழியே வழங்கியபோது, வெறும் தகவல் மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய அறிதிறன் (நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும்) கூடுதலாக மேம்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒப்பீட்டின் மறுபக்கம்: பின்தங்கிய குழு பெற்றதுதான் ‘வெறும் தகவல்’. நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்துக்கும் ஒரு மரண அறிவிப்புக்கும் நடுவே போகும் படச்செய்தி அந்த வெறும் தகவலுக்கும் கீழே இருப்பது. போதாததற்கு, தேங்காய் எண்ணெய் தினமும் இரண்டு கரண்டி குடித்தால் அல்சைமர் குணமாகும் என்ற செய்தியும் அதே குழுவில் வரும். நல்ல சான்று இல்லாத அந்தச் செய்தி, ஊரெல்லாம் தென்னை நிற்கும் நம் மாவட்டத்தில் எந்த மருத்துவக் குறிப்பையும்விட வேகமாகப் பரவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கைப்பேசியை முதன்மை வழியாக அல்லாமல் துணையாக வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் பிள்ளை ‘சாப்பிட்டியளா’ என்று கேட்பதோடு ‘பிரஷர் மாத்திரை போட்டாச்சா, இந்த மாசம் எவ்வளவு இருந்தது’ என்றும் கேட்கப் பழகினால், அதுவே கைப்பேசி தரக்கூடிய பெரிய உதவி.

எஞ்சியவை இரண்டு, வாராந்தரக் கூடுகையும் வீட்டு வருகையும். உண்மையான போட்டி இவற்றுக்கிடையேதான்.

கூடுகைக்குச் சார்பான சான்று வலுவானது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஃபிங்கர் ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தக் குழாய் சார்ந்த நோய்களின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து ஈராண்டு வழங்கினால் அறிதிறன் மேம்படும் என்று காட்டியது. அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு ஒரு படி மேலே போய், இரண்டு வகைக் குழுக்களை ஒப்பிட்டது. எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுத் தாமாகச் செய்துகொள்ளும்படி விடப்பட்டவர்களும் முன்னேறினார்கள். ஆனால் அடிக்கடி கூடி, ஒருவர் வழிநடத்த, கணக்கு வைத்துச் செய்தவர்கள் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள். குமரி மாவட்டத்தில் கூடுவதற்கான இடமும் பழக்கமும் முன்பே உள்ளன. கத்தோலிக்க ஊர்களில் அன்பியங்கள் என்னும் அண்டை வீட்டார் குழுக்கள் உண்டு; தென்னிந்தியத் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் உண்டு; அய்யாவழியினரின் சிறு வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் மாலையில் ஆட்கள் சேர்வார்கள்; கோயில் திருப்பணிக் குழுக்களும் பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. புதிதாகக் கட்டடமோ இருக்கையோ வாங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் அரை மணி நடை, மீதி நேரத்தில் பாட்டு, வாசிப்பு, உப்பைக் குறைப்பது பற்றிய பேச்சு என்று அமைத்தால் தனிமை, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு ஆகிய மூன்றையும் அது ஒருசேரத் தொடும்.

ஆனால் இந்த வழியின் குறை அதன் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும். கூட்டத்துக்கு வருபவர்கள் எப்போதும் வருபவர்கள்தாம்; தனிமையில் இருப்பவர் தனிமையில் இருப்பதாலேயே வருவதில்லை. காது மங்கியவர், பேச்சு புரியாமல் தலையாட்டிக்கொண்டிருப்பதற்கு வெட்கப்பட்டு, ஓரிரு வாரங்களில் நின்றுவிடுவார். நின்றுபோனவர் யார் என்று தேடிப்போக ஒருவரை நியமிக்காத கூடுகை, நலமாக இருப்பவர்களை இன்னும் நலமாக வைப்பதோடு முடிந்துவிடும். அதோடு, மறதிநோய்க்கான விதை விழும் வயது நடுவயது. நாற்பதிலிருந்து அறுபது வரையிலான காலத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 130க்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறது லான்செட் ஆணையம். அந்த வயதில் இருப்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மாலையில் நிழல்தாங்கலில் வந்து பாட்டுப் பாட நேரம் கிடையாது.

வீட்டு வருகைக்கு வருவோம். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை ஓர் எண் சொல்லிவிடும்: 2020இல் மாநிலம் முழுவதும் எடுத்த ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. பிரஷர் கெட்டது என்பதை அறியாதவர் தமிழகத்தில் அரிது. குமரி மாவட்டத்தில் இன்னும் அரிது. பலருக்குத் தெரியாதது தமக்கு அது இருக்கிறது என்பது. தெரிந்தவர்களிலும் பலர், தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இங்கே கல்வி என்பது அறிவைக் கூட்டுவதைவிட, அளந்து பார்ப்பதற்கும் மருந்தைத் தொடர்வதற்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளியை அடைப்பதாக இருக்க வேண்டும். மேடையில் சொல்லப்படும் ‘இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள்’ என்ற வாக்கியமும், கையில் பட்டை கட்டி ‘அக்கா, உங்களுக்கு 164 இருக்குது, மாத்திரை எப்போ நிறுத்துனீங்க?’ என்ற கேள்வியும் ஒரே அறிவுரைதான் என்றாலும், இரண்டாவதற்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

எண்களை மட்டும் பார்ப்பவர் இங்கே ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். லான்செட் ஆணையத்தின் 2024 கணக்கில் காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 விழுக்காடு, கல்விக் குறைவுக்கும் தனிமைக்கும் தலா 5, உயர் இரத்த அழுத்தத்துக்கு வெறும் 2 என்றுதான் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. பின் பிரஷருக்கு ஏன் இத்தனை உழைப்பு? முதற்காரணம், அந்தப் பங்குகள் உலகச் சராசரி. மாத்திரை சாப்பிடுவோர் மிகுந்த நாடுகளையும் சேர்த்தே அவை கணக்கிடப்பட்டவை. இரண்டாவது, பிரஷரைக் குறைப்பதன் மூலம் மறதிநோய் உண்மையிலேயே குறைகிறது என்பதற்குக் கிராம அளவில் நேரடிச் சான்று கிடைத்துவிட்டது. சீனாவில் 326 கிராமங்களைச் சேர்ந்த, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் கொண்ட 33,995 பேரிடம், முழு மருத்துவப் பட்டம் இல்லாத கிராம மருத்துவப் பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், நான்காண்டு முடிவில் மறதிநோய் 15 விழுக்காடு குறைந்திருந்தது. வீட்டிலேயே அளந்து பார்க்கும் கருவி, மலிவான மருந்து, தொடர்ந்த பேச்சு ஆகிய மூன்றும்தான் அங்கே பயன்பட்டவை. காதுக்கு இதற்கிணையான சான்று இன்னும் இல்லை. காது கேட்கும் கருவி கொடுத்து 977 முதியோரிடம் மூன்றாண்டு நடத்திய அமெரிக்க ஆய்வில் மொத்தக் குழுவுக்குப் பயன் தெரியவில்லை, ஏற்கெனவே பிற ஆபத்துகள் மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் அறிதிறன் சரிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது. பிரஷர் பார்க்கப் போகிறவர் அதே வீட்டில் சுகர், புகை, குடி பற்றியும் கேட்கலாம். தொலைக்காட்சியின் ஒலி எவ்வளவு உயர்ந்திருக்கிறது, முகத்தைப் பார்க்காமல் பேசினால் புரிகிறதா என்பதையும் கவனிக்கலாம். காது மங்கலாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பலாம். தகுதியுள்ளவர்களுக்குக் கருவியை இலவசமாக வழங்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் திட்டத்தையும் சொல்லலாம்.

சீன முறைக்கும் நம் முறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. அங்கே கிராமப் பணியாளரே மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இங்கே தன்னார்வலருக்கு அந்த உரிமை இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆகவே அளந்த எண்ணை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்து, அந்த அட்டையோடு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் செய்வதுவரை தன்னார்வலரின் பொறுப்பு. போனாரா என்று அடுத்த மாதம் பார்ப்பதும் அதில் அடங்கும். அரசுத் தன்னார்வலர் ஏற்கெனவே வருகிற வீடுகளில் அதே வேலையை நாம் இரண்டாவது முறை செய்வது வீண். அவரிடம் பேசி, அவர் போக முடியாத வீடுகளையும், நேரமின்மையால் அவர் பேசாமல் விடும் செய்திகளையும் நாம் எடுத்துக்கொள்வதே முறை. இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் நல்ல மின்னணு பிரஷர் கருவிகள் சில இருந்தால் ஒரு வார்டுக்குப் போதும். பேரணிக்கான பேனர் செலவிலேயே அவற்றை வாங்கிவிடலாம்.

இந்த வழிக்கு இருக்கும் உண்மையான தடை ஆண்கள். பகலில் போகும் வீட்டு வருகையில் சந்திப்பது பெண்களையும் முதியோரையும்தான். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். கீரிப்பாறை, குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தோவாளைப் பூச்சந்தையில் வேலை தொடங்குவதே ஊர் உறங்கும்போதுதான். குடியும் புகையும் தலைக்காயமும் இந்த ஆண்களிடம் மிகுதி. அவர்களை விட்டுவிட்டு மறதிநோய்த் தடுப்பைப் பேசுவது பாதி வேலை. ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரில் 2024இல் அரசு தொடங்கிய திட்டம் இதற்கான விடையைக் காட்டியிருக்கிறது: வாசற்படியில் கிடைக்காத ஆட்களை வேலையிடத்தில் பார்ப்பது. மீன் ஏலம் முடியும் நேரத்தில் துறைமுகத்தில், ரப்பர் பால் எடை போடும் இடத்தில், பூச்சந்தையின் தேநீர்க் கடையருகே ஒரு மேசை போட்டால் போதும்.

எனவே என் தேர்வு, அளந்து பேசும் வழியை முதலாகவும் வாராந்தரக் கூடுகையை அதன் தொடர்ச்சியாகவும் வைப்பது. வீட்டு வருகையில் ‘தனியாக இருக்கிறார்’ என்று குறிக்கப்பட்டவர்தான் கூடுகைக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர். அழைக்கப் போகிறவர் கூடவே நடத்தி அழைத்து வருபவராக இருக்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் கூடுகையின் மேலே சொன்ன குறை பெரிதும் நீங்கும். அதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி அல்ல. அரசுத் தன்னார்வலர் ஒழுங்காக வருகிற, பெரும்பாலானோருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிற ஓர் ஊரில், முதியோர் தனித்திருப்பதுதான் பெரிய சிக்கல் என்றால், அங்கே கூடுகையையே முதலாக வைக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றைச் செய்யக் கூடாது: ஊர்க் கூட்டத்தில் நினைவாற்றல் சோதனை. இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள் என்று பத்துப் பேர் முன்னால் ஒரு முதியவரைக் கேட்டுத் திணறவிட்டால், அவரும் அவரைப் பார்த்தவர்களும் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். மறதி தென்படுகிறவரிடம் தனியாகவும் குடும்பத்தார் துணையோடும் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் அந்த அனுப்புதலில் தாமதம் கூடாது.

தொடங்கும் காலத்தைச் செப்டம்பர் 21ஐ வைத்து முடிவு செய்வதைவிட, ஆண்கள் வீட்டில் இருக்கும் மாதங்களை வைத்து முடிவு செய்வது நல்லது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்வெட்டு ஓய்ந்திருக்கும். மலையோர ஊர்களுக்கு அதுவே தக்க நேரம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை, கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருக்கிறது. பிப்ரவரியில் திருவட்டாறு பக்கம் தொடங்கி, ஏப்ரல் பிற்பகுதியில் சின்னமுட்டத்துக்கும் ஜூனில் மேற்குக் கடற்கரைக்கும் நகர்ந்தால், அதே கருவிகளையும் அதே தன்னார்வலர்களையும் கொண்டு மூன்று பகுதிகளையும் எட்ட முடியும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எத்தனை பேருக்கு அளந்தோம், எத்தனை பேருக்கு எண் குறைந்தது என்ற கணக்கை ஊருக்கு வாசிக்கவும் முடியும்.